உச்சிவெயிலில் சித்தி போன இடம்

சாணார்பட்டிப் பக்கம் எங்கள் தெருவில் என்னோடு பாண்டி ஆடி வளர்ந்தவர்களுக்கு என் சித்தியைக் கட்டாயம் நினைவிருக்கும். முழங்கால் வலியும் சர்க்கரையும் வந்து, மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்குமாகப் பை தூக்கி அலைகிற இந்த வயதிலும் மறந்திருக்க மாட்டீர்கள். மத்தியானத்தில் அவள் தண்ணீர்க் குடத்தோடு தெரு முனையில் திரும்பினால், "துரைசாணி வருது" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பெரியவர்கள் சொன்னதை நம்பினீர்கள், அவ்வளவுதான். நான் மட்டும் அந்தப் பருவம் முழுக்க அவள் கூடவே இருந்தவள். என்ன நடந்தது என்று ஒரு தடவையாவது ஒழுங்காகச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று தோன்றுகிறது.

எனக்கு அப்போது ஒன்பது வயதோ பத்து வயதோ. இளைப்பு. பூப்பறிக்கிற காலத்தில் பனியில் நின்றால் மூச்சு விசில் மாதிரி கத்தும். திண்டுக்கல்லில் பார்த்த வைத்தியர், கடல்காற்று பட்டால் நின்றுவிடும் என்று சொல்லிவிட்டார். தீபாவளிக்கு வந்திருந்த சித்தப்பா, "எங்க கூட வரட்டும் அண்ணி, அங்க காத்துக்குக் காசா பணமா" என்று என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். சித்தப்பாவுக்கு வனக்காவலர் வேலை. கீழ்க்கடல் ஓரத்தில், நிலம் ஒரு மூக்கு போலக் கடலுக்குள் நீண்டு கிடக்கிற ஒரு சரணாலயத்தில் போட்டிருந்தார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியும். சொல்லவில்லை. இன்றைக்கு அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

திண்டுக்கல்லில் ஏறி, திருச்சியில் மாறி, தஞ்சாவூரில் மாறி, கடைசியில் ஒரு ஓட்டைப் பேருந்தில் போய் இறங்கியபோது மத்தியானம். எதிரே வெள்ளையாக, தட்டையாக, முடிவில்லாமல் ஒரு வெளி. நமக்கெல்லாம் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை தெரியும். சிறுமலை இல்லையென்றால் கரந்தமலை, அதுவும் இல்லையென்றால் கோட்டைப் பாறை. அங்கே கண்ணை நிறுத்த ஒன்றும் இல்லை. அந்த வெள்ளை வெளியில் மான்கள் போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கால் இல்லை. உடம்பு மட்டும் தரைக்கு மேலே மிதந்து போயிற்று. ஒவ்வொரு மானுக்கும் அடியில் இன்னொரு மான் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அதே வேகத்தில் போயிற்று. நான் சித்தப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். அது கானல் என்றார் அவர். இங்கே உச்சிவெயிலில் பார்க்கிற எதையும் நம்பாதே என்றும் சொன்னார்.

சித்தி அந்த வெளியின் ஓரத்தில் எங்களுக்காகக் காத்து நின்றாள். என் அம்மாவுக்குத் தங்கை, ஆனால் அம்மாவைவிட உயரம். கல்யாணமாகி மூன்று வருடம் இருக்கும், பிள்ளை இல்லை. திண்டுக்கல்லில் தையல் படித்தவள். தையல் மிஷினை அவ்வளவு தூரம் கொண்டுபோக முடியாது என்று தன் அண்ணன், என் மாமா வீட்டில் விட்டுவிட்டு, ஊசி நூலை மட்டும் எடுத்துப் போயிருந்தாள். அங்கே சுற்று வட்டாரப் பெண்களுக்குக் கையாலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். அவளுடைய ஊசிகள் ஒரு பால்பவுடர் டப்பாவில், மெழுகு தடவிய துணியில் குத்தியிருக்கும். உப்புக்காற்றில் இரும்பு ஒரு வாரம் தாங்காது. சைக்கிள் கைப்பிடி, கதவுத் தாழ்ப்பாள், சித்தப்பாவின் தொப்பியில் இருந்த முத்திரை எல்லாம் துருப்பிடித்துக் கிடந்தன. சித்தியின் ஊசிகள் மட்டும் பளபளத்தன.

சித்தப்பாவுக்கு அந்த இடத்தைப் பற்றிப் பெருமை. சாயங்காலம் என்னைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்கார வைத்துச் சுற்றிக் காட்டுவார். செங்கல் உதிர்ந்து மொட்டையாய் நின்ற பழைய கலங்கரை விளக்கத்தைக் காட்டி, ராஜா காலத்தது என்றார். இந்தக் காடு முழுக்க ராஜாக்களின் வேட்டைக்காடாம். பிறகு துரைமார் வந்து பங்களா கட்டி உட்கார்ந்து சுட்டார்களாம். சுட்டுச் சுட்டு, வெளிமான் பூண்டோடு போய்விடும் என்கிற நிலைமை வந்தபோதுதான் சர்க்கார் விழித்துக்கொண்டு சரணாலயம் என்று பலகை நட்டது. அவர் வந்த பிறகு ஒரு மான்கூட வேட்டைக்காரன் கைக்குப் போகவில்லை. அதில் பொய் இல்லை. தொட்டவனைத் துரத்திப் பிடிப்பார். கோடையில் மானுக்குத் தொட்டியில் தண்ணீர் நிரப்பக் குடம் குடமாய்ச் சுமந்திருக்கிறார். வெட்டவெளியாய் இருக்கிறதே என்று மேலதிகாரி சொல்லி, பைநிறைய சீமைக்கருவேல விதை கொண்டுபோய்த் தூவினார். நானும் தூவினேன். மான் நிழலில் படுக்கட்டும் என்றுதான். அந்த முள் பிற்பாடு புல்வெளியை மென்று தின்றுவிட்டது என்றும், வெளியில் ஓடிப் பிழைக்கிற மானுக்கு நிழலைவிடத் தூரத்தைப் பார்க்க முடிவதுதான் முக்கியம் என்றும் இப்போது படிக்கிறேன். அன்றைக்குப் பச்சையாக எது முளைத்தாலும் எல்லோருக்கும் சந்தோஷம்.

குதிரைகளும் இருந்தன. கட்டையான, ரோமம் சடைத்த குதிரைகள். காலைப்பனியில் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் வந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். யாருடைய குதிரை என்று கேட்டேன். யாருடையதும் இல்லை என்றார் சித்தப்பா. எப்போதோ யாரோ விட்டுவிட்டுப் போனது, அதுகளே பெருகிக்கொண்டது. பனி விலகும்போது அவை அங்கே இருக்காது. குளம்புச் சத்தம் கேட்டதாகவும் ஞாபகம் இல்லை.

எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் துரைமார் பங்களாவில் மிச்சமிருந்த ஒரே ஒரு அறை. பாதிக்கூரை விழுந்து, ஆலங்கன்று முளைத்து, கதவு மட்டும் கெட்டியாக இருக்கும். அதில் ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி காய்ச்சலில் கிடந்து செத்துப்போனாள் என்றும், மத்தியானத்தில் நடமாடுவாள் என்றும் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஜீப் டிரைவரின் மனைவி சொன்னாள். நான் அந்தப் பக்கமே போகமாட்டேன். ஆனால் படுத்திருக்கும்போது சத்தம் கேட்கும். நகத்தால் தரையைப் பிறாண்டுகிற சத்தம். சில நேரம் யாரோ மெதுவாய்த் துணி உதறுகிற மாதிரி. சித்தியிடம் சொன்னால், எலியாக இருக்கும் என்பாள்.

சித்தப்பாவைப் பார்க்க அடிக்கடி ஒரு மனிதர் வருவார். ஒல்லியாய், கறுப்பாய், கீச்சுக்குரலில் பேசுவார். உப்பளத்துக்கு அந்தப் பக்கம் குடிசை. வலைபோட்டுப் பறவை பிடிப்பது அவருக்குப் பரம்பரைத் தொழில். வரும்போது ஓலைக்கொட்டானில் இறகு பிடுங்கிய உள்ளான்களை, அந்தச் சின்னக் கரைப்பறவைகளை, கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். சித்தப்பா மறுக்கமாட்டார். சித்தி மிளகு போட்டு வறுத்து அவருக்கு வைப்பாள். தான் தொடமாட்டாள். எனக்கும் தொட்டுக்கொள்ள வேறு வெஞ்சனம்தான். ஒருநாள் நான் கேட்டதற்கு, அது ரஷ்யாவிலிருந்து பறந்து வருகிற பறவையாம், இவ்வளவு தூரம் வந்ததைத் தின்ன மனசு வரவில்லை என்றாள்.

மார்கழி பிறந்ததும் சித்தி மத்தியானங்களில் காணாமல் போக ஆரம்பித்தாள்.

சித்தப்பா ரோந்து போயிருப்பார். எனக்குச் சோறு போட்டுப் படுக்க வைப்பாள். கண் விழித்தால் இருக்க மாட்டாள். வேலிக்கு அப்பால் பார்த்தால், வெள்ளை வெளியில் இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் அவள் மிதந்து போய்க்கொண்டிருப்பாள். அவளுக்கு அடியில் இன்னொரு சித்தி தலைகீழாக. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருமே கரைந்துபோவார்கள். திரும்பி வரும்போது முந்தானையை மார்போடு சேர்த்துப் பிடித்திருப்பாள். என்னைப் பார்க்காமல் நேரே பங்களா அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளே அவள் யாரிடமோ தணிந்த குரலில் பேசுவது கேட்கும். வெளியே வந்தால் தலைமுடியில் ஒரு சின்ன இறகு ஒட்டியிருக்கும். ஒருநாள் விரல்நுனியில் ரத்தம். ரவிக்கை தைக்கும்போது ஊசி குத்திவிட்டது என்றாள். அன்றைக்கு அவள் ரவிக்கை எதுவும் தைக்கவில்லை.

ஜீப் டிரைவரின் மனைவியும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சித்தி பிள்ளை இல்லாதவள், உச்சிவெயிலில் தலைவிரித்துப் போட்டு வெளியில் நடக்கிறாள், செத்தவளின் அறையில் பேசுகிறாள். டிரைவரின் மனைவி இதைச் சித்தப்பாவிடம் நேரிலேயே சொன்னாள். சித்தப்பா அதைச் சிரித்துத் தள்ளினார். ஆனால் அன்று ராத்திரிச் சாப்பாட்டில் சித்தியை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் நான் தூங்குவது போலக் கிடந்து, சித்தி கிளம்பியதும் பின்னாலேயே போனேன். தரை முதலில் கெட்டியாக இருந்தது, பிறகு பொறுக்குத் தட்டியது, பிறகு ஒவ்வொரு அடிக்கும் பாதத்தை உள்ளே இழுத்து, கறுப்பாய் நாறுகிற சேற்றோடு விட்டது. காற்றே இல்லை. தூரத்தில் கடலோரமாய் ஒரு இளஞ்சிவப்புக் கோடு தெரிந்தது. பூநாரைக் கூட்டம் என்று சித்தப்பா காட்டியிருக்கிறார். அந்தக் கோடு அவ்வப்போது நெளிந்தது. சித்தியின் காலடியில் கால் வைத்து நடந்தேன். ஒரு தாழ்ந்த திட்டில் அவள் குனிந்திருப்பது தெரிந்தது.

அவளைச் சுற்றிப் பறவைகள் நின்றன. உள்ளான்கள், சிவப்புக் கால்களோடு. இரண்டு மூன்று கொக்குகளும். நான் கிட்டப் போயும் பறக்கவில்லை. ஒன்றுகூட அசையவில்லை. பொம்மை என்றுதான் நினைத்தேன். பிறகு என் காலடி சேற்றில் சளக் என்று சத்தம் போட்டதும் எல்லாத் தலைகளும் ஒன்றாக என் பக்கம் திரும்பின. அவற்றின் முகத்தில் கண் இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் மூடிய தோலும், அதிலிருந்து தலைக்கு மேலே போய் முடிந்த ஒரு கறுப்பு நூலும் இருந்தது.

நான் கத்தவில்லை. மூச்சுதான் விசிலடித்தது. அதைக் கேட்டுத்தான் சித்தி திரும்பினாள். ஓடி வந்து என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அந்த வயதுப் பிள்ளையை யாரும் தூக்க மாட்டார்கள்.

"பயப்படாத பாப்பா. கண்ணு உள்ள இருக்கு. தச்சு வச்சிருக்காங்க, அம்புட்டுதான்."

பிறகு சொன்னாள். வலைக்காரர் பிடித்த பறவைகளில் சிலதை உயிரோடு வைத்து, கீழ் இமையில் நூல் கோத்து மேலே இழுத்துக் கட்டி, காலை முளையில் கட்டி இங்கே நிறுத்துவாராம். அவற்றின் குரலைக் கேட்டு, வானத்தில் போகிற கூட்டம் இங்கே இரை இருக்கிறது என்று இறங்கும். பக்கத்தில் வலை. விடியற்காலையிலும் சாயங்காலமும்தான் பறவை இறங்கும். மத்தியானத்தில் வலைக்காரர் குடிசைக்குப் போய்த் தூங்குவார். சித்தி அந்த நேரத்தில் வந்து ஒன்றோ இரண்டோ அவிழ்த்துக்கொண்டு போகிறாள். முளையைப் பிடுங்கிச் சாய்த்து விட்டுவிட்டால், நரி கொண்டுபோனதாக அவர் நினைத்துக்கொள்வார்.

அன்று ஒரு உள்ளானை இரண்டு கையிலும் பொத்தி நான்தான் கொண்டுவந்தேன். கைக்குள் வெறும் இறகும் அதன் நடுவில் ஒரு படபடப்பும் மட்டும்தான் இருந்தது, எடையே இல்லை.

பங்களா அறைக்குள் அன்றைக்குத்தான் முதலில் போனேன். விழுந்த கூரை வழியாக வெயில் தரையில் ஒரு சதுரமாய் விழுந்திருந்தது. ஓரத்தில், பழைய மீன்கூடைகளுக்கு அடியிலும் சுவரோரத்திலும் பறவைகள். தலையசைக்காமல் சுவரைப் பார்த்து நின்றன. பிறாண்டியது அவைதான். சித்தி ஒன்றை மடியில் மல்லாத்தி, துணியால் உடம்பைச் சுற்றி, தலையை இரண்டு விரலுக்குள் பிடித்தாள். ஊசிமுனையை நூலுக்கு அடியில் நுழைத்து லேசாகத் தூக்கி, சின்னக் கத்தரியால் வெட்டி, நூலை மெல்ல மெல்ல உருவினாள். அப்போதுதான் பேசுவாள். செத்த நேரம், செத்த நேரம், ஆச்சு, ஆச்சு என்று. வெளியே கேட்ட குரல் அதுதான். நூல் வந்ததும் இமை உடனே விரியாது. ஒட்டிக்கிடக்கும். வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றுவாள். பிறகு ஒரு கறுப்புக் கண் திறக்கும். நம்மைப் பார்க்கும். அந்தப் பார்வையில் நன்றி கின்றி எதுவும் இருக்காது. பயம் மட்டும்தான் இருக்கும்.

எல்லாம் பிழைக்கவில்லை. சிலதுக்குக் கண் சீழ்பிடித்துப் போயிருந்தது. சிலது இரை எடுக்காமல் செத்தது. அவற்றை ஆலங்கன்றுக்கு அடியில் புதைப்பாள். பறந்ததும் உண்டு. ஒன்று என் கண் முன்னால் வெயில் சதுரத்தில் நின்று, தலையைச் சாய்த்துச் சாய்த்து மேலே பார்த்து, ஒரே எழும்பலில் கூரைக்கு வெளியே போயிற்று. சித்தி அதைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஊரில் அது ஒன்றுதான்.

சித்தப்பாவிடம் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டேன். முதலில் அவரிடம்தான் சொன்னாளாம். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, சட்டம் மானுக்குத்தான் கெடுபிடி, பறவையை யார் கேட்கிறார்கள், அவன் நாலு பிள்ளை வைத்திருக்கிறான், நமக்கு எதற்கு என்றாராம். அப்போதும் வலைக்காரர் கொண்டுவந்த உள்ளான் படியில்தான் இருந்தது என்றாள்.

தைக்குக் கொஞ்சநாள் முன்னால், வானம் மூடிக்கொண்டு தூறிய ஒரு சாயங்காலம், வலைக்காரர் வந்தார். அன்றைக்குக் கையில் ஓலைக்கொட்டான் இல்லை. சித்தப்பா வாசலில் பூட்ஸ் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். வலைக்காரர் வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டு வேலிக்கு வெளியிலேயே நின்றார். ஏதோ சொல்லப் போகிறார் என்று பார்த்தோம். அவர் உதட்டைக் குவித்தார்.

அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத எனக்குத் தெரியவில்லை. மூன்றாக முறிகிற ஒரு சீழ்க்கை, கடைசியில் கீழே இறங்கிக் கரையும். உள்ளானின் குரல் அப்படியே. தினம் இரை ஊட்டும்போது அந்தக் குரல் கொடுத்துத்தான் ஊட்டுவாராம். அதைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தார். தூறல் சத்தம் மட்டும் கேட்டது. மறுபடி கூப்பிட்டார்.

சாத்திய பங்களா அறைக்குள்ளிருந்து ஒன்று பதில் சொன்னது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம் சேர்ந்து, அந்த இடிந்த சுவருக்குள்ளிருந்து, அவர் இறங்குகிற இடத்தில் இறங்கி, அவர் நிறுத்துகிற இடத்தில் நிறுத்திக் கூப்பிட்டன. ஜீப் டிரைவரின் மனைவி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ் போட்டது கேட்டது. சித்தப்பாவின் கையிலிருந்த செம்பு நழுவிக் கீழே விழுந்தது. அவருக்கும் அந்த நிமிஷம் துரைசாணிதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"ஐயா, எம் பட்சி உள்ளேருந்து பேசுதுங்க," என்றார் வலைக்காரர். குரலில் கோபமே இல்லை.

சித்தப்பா போய்க் கதவைத் திறந்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். சித்தி தரையில் உட்கார்ந்து மடியில் ஒரு பறவையை வைத்திருந்தாள். ஊசி கையில் இருந்தது. எழுந்திருக்கவில்லை.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்க நீ," என்றார் சித்தப்பா.

"இதைத் தச்சவனைப் பிடிக்கத்தான உங்களுக்கு அந்த உடுப்பு," என்றாள் சித்தி.

சித்தப்பா வலைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். வலைக்காரர் சித்தப்பாவைப் பார்த்தார். இத்தனை மாதம் படியில் வைத்த ஓலைக்கொட்டான்கள் எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தன. அது எனக்கு இப்போது புரிகிறது. வழக்குப் போட்டால் வலைக்காரர் வாயைத் திறப்பார். வேலை போகும். சித்தப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, என்னையும் தாண்டி, தூறலுக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"அவளுக்கு உடம்பு சரியில்லப்பா. கொஞ்ச நாளாவே ஒரு மாதிரிதான் இருக்கா. உன்னுதை நீ எடுத்துட்டுப் போ."

வலைக்காரர் உள்ளே வந்து ஒவ்வொன்றாக எடுத்து ஓலைப்பெட்டிக்குள் வைத்தார். அவர் கை பட்டதும் அவை அடங்கின. கண் திறந்திருந்த ஒன்று மட்டும் அவரைக் கண்டு சுவரில் முட்டி முட்டி விழுந்தது. அதையும் பிடித்து, உள்ளங்கையில் வைத்து நீவிக்கொடுத்தார். சித்தியைப் பார்த்து, ஒரு குழந்தைக்குச் சொல்கிற மாதிரி மெதுவாய்ச் சொன்னார்.

"தச்சிருந்தா அதுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. பாத்துச்சுன்னாதான் பயந்தே செத்துப் போவும்."

சித்தி மடியில் இருந்ததையும் அவர் எடுத்துக்கொண்டார். சித்தி ஊசியை மெழுகுத் துணியில் குத்தி டப்பாவை மூடினாள்.

மறுநாளே எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு சித்தப்பா ஊருக்குக் கிளம்பினார். எங்கள் வீட்டில் மாமாவையும் அம்மாவையும் உட்கார வைத்து, உச்சிவெயிலில் நடந்தது, செத்தவளின் அறை, ரத்தம், பேச்சு எல்லாவற்றையும் சொன்னார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பறவையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவர் போன பிறகு நான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண் தைத்த பறவை, நூல், வலைக்காரர் கூப்பிட்டதும் அறை பதில் சொன்னது. அம்மா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அப்புறம் மாமாவிடம், பிள்ளையையும் தொட்டுவிட்டது என்று அழுதாள். எனக்குக் கையில் ஒரு கறுப்புக் கயிறு கட்டினார்கள். நான் சொன்னதில் அறை பதில் சொன்னது என்கிற ஒன்றை மட்டும் நம்பினார்கள்.

பேயோட்டுகிற கோடாங்கியைக் கூட்டிவந்த நாளை நீங்கள் பார்த்தீர்கள். வேலிக்கு அந்தப் பக்கம் தெருவே நின்றது. என்னை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார்கள், ஆனால் காது திறந்துதான் இருந்தது. உடுக்கை அடிக்க அடிக்க, நீ யார் என்று கேட்டார் கோடாங்கி. சித்தி தன் பெயரைச் சொன்னாள். சாட்டை விழுந்தது. மறுபடி கேட்டார். மறுபடியும் தன் பெயரையே சொன்னாள். எவ்வளவு நேரம் அப்படிப் போயிற்று என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு தடவை, தெளிவாக, சலிப்போடு, "ஆமா, நான் துரைசாணிதான்" என்றாள். உடுக்கை நின்றது. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். என் அம்மா கையெடுத்துக் கும்பிட்டது சன்னல் இடுக்கில் தெரிந்தது. அன்றிலிருந்துதான் உங்கள் வாயில் அந்தப் பெயர் வந்தது. அது அவளே அடி தாங்காமல் கொடுத்த பெயர்.

பங்குனியில் சித்தப்பா வந்தார். பேய் இறங்கிவிட்டது, கூட்டிப் போகலாம் என்று மாமா எழுதியிருந்தார். அம்மா சித்திக்குப் புதுச்சேலை கட்டி, தலைநிறையக் கனகாம்பரம் வைத்துவிட்டாள். பெட்டியை வாசலில் வைத்தாகிவிட்டது. சித்தி கூடத்தில் எல்லோருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"நான் வாரேன். வரமாட்டேங்கல. எனக்குப் பேய் ஒண்ணும் பிடிக்கலன்னு நீங்க இவங்க முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிருங்க. வந்துர்றேன்."

சித்தப்பா குடித்துக்கொண்டிருந்த மோர்ச் செம்பைக் கீழே வைத்தார். மாமா அவரைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்தாள். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நல்லவர்தான். மானுக்காகக் கத்திக்கு முன்னால் போய் நின்றவர். அன்றைக்கு அவர் ஈரக்கையை வேட்டியில் துடைத்தார், மறுபடி துடைத்தார். பிறகு எழுந்து, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார். தனியாகத்தான் போனார்.

இன்னும் தெளியவில்லை என்று மாமா முடிவு கட்டினார். கொஞ்ச காலம் எங்களோடு இருந்துவிட்டு, சித்தி தன் மிஷினைத் தூக்கிக்கொண்டு திண்டுக்கல்லுக்கே போய்விட்டாள். மேற்குத் தெரு ஒன்றில் சின்ன அறை எடுத்துத் தைத்தாள், பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். நான் வேலைக்குப் போன பிறகு சனிக்கிழமை தோறும் அவளிடம் போய்விடுவேன். அவள் பழையதை எடுக்கமாட்டாள். பிற்பாடு பறவைக்கும் சட்டம் வந்தது. பறவை ஆராய்கிறவர்கள் அந்தக் கோடிக்கு வந்து முகாம் போட்டார்கள். பறவையைக் காயப்படாமல் பிடிக்கத் தெரிந்த ஆள் தேவைப்பட்டபோது வலைக்காரரையே சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்களாம். பிடித்து, காலில் வளையம் மாட்டி, பறக்கவிடுகிற வேலை. இதை யாரோ சொல்லிக் கேட்டபோது சித்தி மிஷினை நிறுத்திவிட்டு, அவன் பிள்ளைகள் படிக்கிறதா என்று மட்டும் கேட்டாள். சித்தப்பாவுக்குப் பதவி உயர்வும் கிடைத்தது. இரண்டு பேரும் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

சித்தப்பா ஓய்வு பெற்று இரண்டு மழைக்காலம் போன பிறகு ஒருநாள் வந்தார். நான் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன். இளைத்து, சட்டை தோளில் தொங்க, படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். சித்தி ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். உட்காரவில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவர் போல, நின்றபடியே சொன்னார்.

"உனக்கு அன்னைக்குப் பேய் ஒண்ணும் பிடிக்கல. எனக்கு அப்பவே தெரியும். வேலை போயிருமேன்னுதான் வாய மூடிக்கிட்டேன்."

சித்தி ஊசியிலிருந்து நூலை அறுத்தாள்.

"இதக் கேக்கணும்னு நான் நெனச்சவங்க யாரும் இப்ப இல்லையே," என்றாள்.

அது உண்மை. மாமா போய்ச் சேர்ந்து வெகுநாளாகியிருந்தது. என் அம்மா அதற்கு முந்தின வருடம்தான் போனாள், கடைசிவரை தங்கைக்காகக் கோயிலில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு. சித்தி என் பக்கம் திரும்பினாள்.

"நீ கேட்டியா?"

"கேட்டேன் சித்தி."

"அப்பச் சரி," என்றாள். எழுந்து, மடியில் கிடந்த நூல்பிசிறுகளைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "வெஞ்சனம் ஒண்ணும் இல்ல. ரசம்தான் வச்சிருக்கேன். சாப்டுறீங்களா?"

சித்தப்பா தலையை ஆட்டினார். அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை சித்தி எதிரிலேயே உட்கார்ந்து ரசம் ஊற்றினாள். அவர் கிளம்பும்போது வாசல் வரை போகவில்லை.